ட்ரோன் காலத்தில் ஆர்சி விமானம்: இந்தப் பொழுதுபோக்குக்கு இன்னும் எவ்வளவு வானம் மிச்சம்?

தலைக்கு மேல சின்னதா ஏதாவது பறந்தா போதும், இன்னைக்கு எல்லார் வாயிலும் வர்ற ஒரே வார்த்தை ‘ட்ரோன்’. அதுக்கு இறக்கை இருக்கா, வால் இருக்கா, கேமரா இருக்கா என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதில்லை, ரோந்து வரும் போலீஸ்காரர் பார்ப்பதில்லை. பல நேரங்களில் சட்டமும் பார்ப்பதில்லை.

இதில் நடுவே மாட்டிக்கொண்டிருப்பது கிட்டத்தட்ட 90 வயதான ஒரு பொழுதுபோக்கு: ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம், சுருக்கமாக ஆர்சி விமானம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு காலி மைதானம், கையில் ரிமோட், தானே வெட்டி ஒட்டிக் கட்டிய ஒரு குட்டி விமானம். அவ்ளோதான் இந்த ஹாபி.

இன்று இதைத் தொடங்குவது ரொம்ப மலிவு, ரொம்ப சுலபம். முன்பு எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆனா, கட்டிய விமானத்தைப் பறக்கவிடுவதுதான் வருஷா வருஷம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. ஏன் இப்படி? இந்த ஹாபி நிற்குமா, நிற்காதா? இது போனால் நமக்கு என்ன நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆர்சி விமானமும் ட்ரோனும் ஒண்ணா?

இல்லை. கல்யாண வீட்டில் படம் எடுக்கிற நான்கு விசிறி ட்ரோனை எடுத்துக்கோங்க. ரிமோட்டில் இருந்து கையை எடுத்துவிட்டால் அது அப்படியே அந்தரத்தில் நிற்கும். உள்ளே ஜிபிஎஸ், கைரோ, உயரம் அளக்கும் சென்சார், எல்லாவற்றையும் கணக்குப் போடும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கின்றன. நிஜத்தில் அதை ஓட்டுவது அந்தக் கம்ப்யூட்டர்தான். நீங்க “அந்தப் பக்கம் போ” என்று சொல்றீங்க, அவ்வளவே.

ஆர்சி விமானத்தில் இந்தச் சொகுசு கிடையாது. இறக்கையின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது மேலே நிற்கும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தூக்குவிசை போய்விடும், விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு விழும். இதைத்தான் ‘ஸ்டால்’ என்கிறார்கள். நடுவானில் நிறுத்திவிட்டு யோசிக்க முடியாது. முடிவை அந்த நொடியிலேயே எடுக்கணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் அது உங்களுக்கு இடது பக்கமாகத் திரும்பும். அதே விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது பக்கம் தள்ளினால், உங்கள் கண்ணுக்கு அது வலது பக்கம் போகும். புதுசா பழகுபவர்களின் விமானங்களில் நிறைய உடைவது இந்த ஒரு குழப்பத்தால்தான். மூளை இதற்குப் பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பழகியபின், ஒரு பொருள் ஏன் பறக்கிறது, ஏன் விழுகிறது என்பது புத்தகம் இல்லாமலேயே கைக்குத் தெரிந்துவிடும்.

ட்ரோனோட தாய் வீடே இதுதான்

முதல் ஆர்சி விமானங்களில் ஒன்று, அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-ல் பறக்கவிட்ட ‘பிக் கஃப்’. அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அதே காலத்தில் ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்ற நடிகர் இருந்தார். மாடல் விமானப் பைத்தியம். சினிமாவில் நடித்துக்கொண்டே ஹாபி கடையும் நடத்தினார். ‘இதையே கொஞ்சம் பெருசா பண்ணி, பீரங்கி வீரர்கள் குறிபார்த்துப் பழக இலக்காக விற்றால் என்ன?’ என்று யோசித்து ‘ரேடியோபிளேன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அந்த நிறுவனம் ஏறக்குறைய 15,000 இலக்கு விமானங்களைத் தயாரித்துக் கொடுத்தது. பெரிய எண்ணிக்கையில் தயாரான முதல் ராணுவ ட்ரோன்கள் இவைதான். ஒரு கொசுறுத் தகவல்: அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நார்மா ஜீன் என்ற இளம்பெண்ணை 1945-ல் ஒரு ராணுவப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். பின்னாளில் உலகம் அவரை மர்லின் மன்றோ என்று அறிந்தது.

இன்றைக்கு வந்தாலும் கதை அதேதான். உலகின் மிகப் பெரிய ட்ரோன் நிறுவனமான சீனாவின் டிஜேஐயை 2006-ல் தொடங்கிய ஃபிராங்க் வாங், சிறு வயதிலிருந்தே ஆர்சி ஹெலிகாப்டர் ஆசை கொண்டவர். கல்லூரியில் அவர் செய்த ப்ராஜெக்ட்டும் ஹெலிகாப்டரைத் தானாக நிலைநிறுத்தும் கருவிதான்.

நம்ம ஊருக்கு வருவோம். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்த நடிகர் அஜித் குமாரை நினைவிருக்கும். ஆர்சி விமானம், ஹெலிகாப்டர் ஓட்டுவதில் அவருக்கு இருக்கும் ஆர்வம் ரசிகர்கள் அறிந்ததே. 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘யுஏவி சேலஞ்ச் மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. கொரோனா காலத்தில் கிருமிநாசினி தெளித்த ட்ரோன்களிலும் இந்தக் குழுவின் பங்கு உண்டு.

ஆக, இது வேலையில்லாதவர்களின் விளையாட்டு இல்லை. ‘ட்ரோன் துறையில் உலக மையம் ஆவோம்’ என்று சொல்கிற ஒரு நாட்டுக்கு, அந்தத் துறைக்கான ஆட்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. அவர்களில் கணிசமானவர்கள் முளைப்பது இந்த மைதானங்களில்தான்.

தொடங்குவது ஏன் இப்போ இவ்வளவு சுலபம்?

நான்கு விஷயங்கள் மாறியிருக்கின்றன.

ரேடியோ: முன்பெல்லாம் ஒவ்வொரு ரிமோட்டும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசை எண்ணில் ஓடும். ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே எண்ணை ஆன் செய்தால் ஒருவரின் விமானம் தரைக்கு வந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, யார் எந்த எண்ணில் இருக்கிறார் என்று கிளிப் மாட்டுவார்கள். 2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் வந்தன. உங்கள் ரிமோட்டும் உங்கள் ரிசீவரும் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் பிரச்னை இல்லை.

மோட்டார்: நைட்ரோ எரிபொருள் ஊற்றி, ப்ளக்கைச் சூடேற்றி, விசிறியைச் சுண்டி ஸ்டார்ட் செய்கிற எஞ்சினுக்குப் பதில் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்துவிட்டன. சத்தம் கம்மி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

உடல்: பால்சா மரத்தை வெட்டி, ரிப் ரிப்பாக ஒட்டி, மேலே ஃபிலிம் இழுத்து இஸ்திரி போடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்று ஃபோம் போர்டில் வரைபடத்தை ஒட்டி, பிளேடால் வெட்டி, ஹாட் குளூ கன்னால் ஒட்டினால் இரண்டு நாளில் விமானம் ரெடி. விழுந்தாலும் அங்கேயே ஒட்டி மறுபடி பறக்கவிடலாம். எடை குறைந்த பிளாஸ்டிக் இழையில் 3டி பிரின்ட் எடுத்துக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

மூளை: ஆர்டுபைலட், ஐநாவ், எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்று உலகம் முழுக்க ஹாபிக்காரர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதிகள் இன்று டவுன்லோடு செய்யும் தூரத்தில்.

செலவு? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ தேடினால் ஒரு தொடக்கநிலை ரிமோட், ரிசீவரோடு சுமார் 5,000 ரூபாய். ஏ2212 மோட்டாரும் 30 ஆம்பியர் ஈஎஸ்சியும் சேர்த்து ஏறக்குறைய 1,000 ரூபாய். நான்கு 9 கிராம் சர்வோ 500 ரூபாய்க்குள். பேட்டரி, சார்ஜர், ஃபோம், பசை எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் முதல் விமானம் மேலே போய்விடும். நடுத்தர விலை ஸ்மார்ட்போனைவிடக் குறைவு.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழுதாகக் கட்டிய ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் ‘பாகம் வாங்கு, நீயே கட்டு’ என்ற வழி இன்னமும் திறந்தே இருக்கிறது.

அப்போ சிக்கல் எங்கே? முதல்ல சட்டம்

2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் மூலம் குண்டு வீசப்பட்டது. அதற்கும் முன்பு, 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையம் ‘ட்ரோன் தெரிந்தது’ என்ற தகவலால் நாள்கணக்கில் முடங்கியது. சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஆகவே அரசுகளின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கேள்வி, அந்தப் பயத்துக்காகப் பின்னிய வலையில் எந்தெந்த மீன்கள் சிக்குகின்றன என்பதுதான்.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். இதில் ஒரு நல்ல விஷயம், ஆர்சி விமானத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: ‘மாடல்’. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண்ணில் படும் தூரத்துக்குள் ஓட்டுவதெல்லாம் இந்த வகை. வர்த்தக ட்ரோன்களுக்குத் தேவைப்படும் ‘டைப் சர்டிஃபிகேட்’ இதற்கு வேண்டாம். வீட்டில் ஃபோமில் கட்டிய விமானத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கு என்று சொன்னால் ஹாபியே முடிந்திருக்கும். அந்த மட்டில் நிம்மதி.

ஆனா அந்தப் பெயரோடு வரும் சலுகை அதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மீதி விஷயங்களில் எடைதான் பேசுகிறது:

• 250 கிராம் வரை (நானோ): ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம் இல்லை.
• 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை (மைக்ரோ): வர்த்தகம் இல்லாமல் ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம். பதிவும் காப்பீடும் வேண்டும்.
• 2 கிலோவுக்கு மேல்: அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் படித்து ‘ரிமோட் பைலட் சர்டிஃபிகேட்’ வாங்கணும். குறைந்தபட்சம் 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.

முதல் ஃபோம் விமானம் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும் என்பதால் மைக்ரோவுக்குள் அடங்கிவிடும். ஆனா பழைய ஸ்டைல் பால்சா, நைட்ரோ எஞ்சின் பயிற்சி விமானம் என்றால் சர்வசாதாரணமாக 2 கிலோவைத் தாண்டும். பெரிய ஸ்கேல் மாடல்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். 16 வயதுப் பிள்ளை, அப்பாவின் பழைய எஞ்சின் விமானத்தை ஓட்டிப் பழக இங்கே சட்டப்படி வழி இல்லை.

பதிவிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி அடையாள எண். கட்டணம் 100 ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. ஆனா இந்த ஹாபியில் விமானம் என்பது நிலையான பொருளே இல்லை. இன்று கட்டுவோம், அடுத்த வாரம் விழும். அதன் மோட்டாரையும் சர்வோவையும் கழற்றி வேறொரு உடலில் மாட்டுவோம். பழசு நிரந்தரமாகப் போய்விட்டால், அதைப் பதிவிலிருந்து நீக்கவும் விண்ணப்பிக்கணும். ஒரு கார் வாங்கிப் பத்து வருஷம் ஓட்டுகிறவருக்குப் பொருந்தும் முறையை, மாசத்துக்கு ஒரு காகிதப் பட்டம் செய்கிறவருக்கு மாட்டியதுபோல.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. ‘அனுமதி இல்லையேல் பறத்தல் இல்லை’ என்ற மென்பொருள் பூட்டு, நேரடியாக இருப்பிடம் காட்டும் கருவி, எல்லை தாண்டினால் தடுக்கும் ஜியோஃபென்சிங் ஆகியவற்றை அரசு பின்னாளில் கட்டாயமாக்கலாம் என்று இதே விதிகள் சொல்கின்றன. கம்ப்யூட்டர் இருக்கும் ட்ரோனுக்கு இது ஒரு அப்டேட். ஆனா ஒரு ரிசீவர், ஒரு மோட்டார், நான்கு சர்வோ மட்டும் இருக்கும் ஃபோம் விமானத்தில் இதை எங்கே போய் மாட்டுவது? அதில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, பூட்டுப் போட மூளையும் இல்லை. மாடல் வகைக்குத் தெளிவான விலக்கு இல்லாமல் இந்த அறிவிப்பு வந்தால், அன்றைக்கே இந்த ஹாபி சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

2025 செப்டம்பரில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு தனி ட்ரோன் மசோதாவின் வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. இப்போதைய விதிகளில் மீறலுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். வரைவில் சிறைத் தண்டனையும் இருந்தது. ஹாபிக்காரர்கள் கவலைப்பட்டது இதனால்தான். விதி என்பது அமைச்சகம் மாற்றக்கூடியது. சட்டம் என்றால் அதை மாற்ற மறுபடி நாடாளுமன்றம் போகணும். ‘மாடல்’ என்ற அந்த ஒரு சொல் புதிய சட்டத்தில் எந்த இடத்தில், என்ன பொருளில் நிற்கும் என்பதில்தான் நிறைய இருக்கிறது.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன?

அமெரிக்காவில் 2015 டிசம்பரில் 250 கிராமுக்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் பதிவு கட்டாயமானது. ஒரு ஹாபிக்காரர் வழக்குப் போட்டார். 2017 மே மாதம் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, மாடல் விமானங்களுக்கு அந்த விதி செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு பதிவைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்து ‘ரிமோட் ஐடி’: பறக்கும் பொருள் தன் இருப்பிடத்தையும் ஓட்டுபவர் தரப்பு இருப்பிடத்தையும் ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கணும். டிஜிட்டல் நம்பர் பிளேட் மாதிரி. 2024 மார்ச் முதல் இது முழுமையாக அமலில் இருக்கிறது.

ஆனா அங்கே இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தார்கள். ஒன்று, பதிவு விமானத்துக்கு இல்லை, ஆளுக்கு. 5 டாலர் கட்டினால் மூன்று வருஷம். அந்த ஒரே எண்ணை உங்கள் எல்லா விமானங்களிலும் ஒட்டிக்கொள்ளலாம். கூடவே ஒரு இலவச ஆன்லைன் பாதுகாப்புத் தேர்வு. இரண்டு, அங்கீகாரம் பெற்ற கிளப் மைதானங்களுக்குள் ரிமோட் ஐடி இல்லாமலேயே பறக்கவிடலாம். 1936-ல் தொடங்கிய ‘அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’ போன்ற அமைப்புகள் இதற்காக அரசோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டின.

பிரிட்டனில் 2019 முதலே 250 கிராமுக்கு மேல் பதிவு இருந்தது. 2026 ஜனவரி 1 முதல், 100 கிராமைத் தொட்டாலே ஓட்டுபவர் ஆன்லைன் தேர்வு எழுதி அடையாள எண் வாங்கணும். வரம்பு கீழே இறங்கிக்கொண்டே போகிறது என்பதைக் கவனிங்க.

இந்த இரண்டு நாடுகளிலும் ஹாபி பிழைத்திருப்பதற்குக் காரணம் சட்டம் தளர்வாக இருப்பது அல்ல. அரசு பேசுவதற்கு எதிரில் ஒரு அமைப்பு இருந்தது. அந்த அமைப்பிடம் உறுப்பினர் பட்டியல், காப்பீடு, பாதுகாப்பு விதிகள், மைதானங்கள் எல்லாம் இருந்தன. ‘எங்கள் ஆட்களுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று சொல்ல ஆள் இருந்தது. இந்தியாவில் ஹாபிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் அந்த அளவுக்கு ஒரே குரலில் பேசும் நிலை இன்னும் வரவில்லை.

ரெண்டாவது சிக்கல்: எங்க போய்ப் பறக்கவிடுறது?

சட்டத்தைவிட வேகமாகக் குறைந்துவருவது இடம். ஆர்சி விமானத்துக்குத் தடையில்லாத ஓடுபாதையும், அதைச் சுற்றி ஆள், மாடு, மின்கம்பி, சாலை இல்லாத வெளியும் தேவை. தெருமுனை கிரிக்கெட் மைதானம் போதாது. வறண்ட ஏரிப் படுகை, கல்லூரி மைதானம், பிளாட் போட்டு இன்னும் வீடு எழும்பாத லேஅவுட் போன்றவைதான் நம்ம ஊர் ஓடுபாதைகள். லேஅவுட்டில் வீடு வந்துவிடும், ஏரியில் தண்ணீர் வந்துவிடும். கல்லூரியில் முதல்வர் மாறினால் அனுமதியும் மாறிவிடும்.

இதன் மேல் வான்வெளிக் கணக்கு வேறு. விதிப்படி, சிவப்பு அல்லது மஞ்சள் மண்டலமாகக் குறிக்கப்படாத இடத்தில் 400 அடி வரை பச்சை மண்டலம். முன் அனுமதி வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை மட்டுமே பச்சை. 8 கிலோமீட்டருக்குள் பச்சையே இல்லை. ஒரு புள்ளியிலிருந்து 8 கிலோமீட்டர் வட்டம் போட்டாலே 200 சதுர கிலோமீட்டர் வருகிறது. பெருநகர சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். மீனம்பாக்கம் ஒன்று, தாம்பரம் விமானப்படைத் தளம் ஒன்று என்று வட்டம் போட்டுப் பார்த்தால் தென்சென்னை ஹாபிக்காரர் ஏன் விடியற்காலையில் காரில் விமானத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போகிறார் என்பது புரியும்.

போதாததற்கு, முக்கியத் தலைவர்கள் வருகை, குடியரசு தினம், சுதந்திர தினம் என்றால் போலீஸ் தடை உத்தரவு வரும். தலைப்பில் ‘ட்ரோனுக்குத் தடை’ என்றுதான் செய்தி வரும். உத்தரவைப் படித்தால் தொலைவிலிருந்து இயக்கும் விமானங்கள் எல்லாமே அதில் அடக்கம்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் தேவையா என்று கேட்டால், ஒரு கணக்கு. ஒரு கிலோ எடையுள்ள ஃபோம் விமானம் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 139 ஜூல். 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய கிரிக்கெட் பந்துக்கு சுமார் 121 ஜூல். அதாவது ‘சும்மா தெர்மாகோல் பொம்மை’ என்று நினைப்பது, வேகப்பந்தை விடவும் கொஞ்சம் பலமாகவே அடிக்கும். முன்னால் விசிறி வேறு சுற்றுகிறது. பூங்காவிலும் மொட்டை மாடியிலும் பறக்கவிடக் கூடாது என்பதில் இரண்டு கருத்தே இருக்க முடியாது. அதனால்தான் தனி மைதானம் தேவை என்கிறார்கள்.

மூணாவது: சொல்லிக் கொடுக்க யார்?

வீடியோ பார்த்து விமானம் கட்டிவிடலாம். ஓட்டிப் பழக மட்டும் பக்கத்தில் ஒருவர் நிற்கணும். இரண்டு ரிமோட்டை இணைத்து, தவறு நடக்கும் நொடியில் கன்ட்ரோலை வாங்கிக்கொள்ளும் ‘பட்டி’ முறை இதற்காகவே இருக்கிறது. மூத்த ஹாபிக்காரர் ஒருவர் மைதானத்தை விட்டுப் போகும்போது அவரோடு போவது விமானங்கள் மட்டும் அல்ல. எந்தக் காற்றில் இறக்கக் கூடாது, எடை மையம் எங்கே இருக்கணும், எந்தச் சத்தம் வந்தால் மோட்டார் கழன்றுகொள்ளப் போகிறது என்ற அறிவும்தான்.

நம்பிக்கை தரும் இடங்களும் உண்டு. என்சிசி விமானப் பிரிவில் ஏரோமாடலிங் இன்றும் பயிற்சியில் இருக்கிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே நடக்கிறது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஹாபியின் கதவு பெரும்பாலும் இதுதான். பொறியியல் மாணவர்களுக்கு எஸ்ஏஇ இந்தியா தெற்குப் பிரிவின் ‘ஏரோ டிசைன் சேலஞ்ச்’, ஐஐடிக்களுடன் சேர்ந்து போயிங் நடத்திவந்த தேசிய ஏரோமாடலிங் போட்டி போன்றவை இருக்கின்றன. எடை தூக்கும் விமானத்தைத் தாங்களே கணக்குப் போட்டு, கட்டி, பறக்கவிட்டுக் காட்டணும். சில வருஷம் கழித்து இவர்களின் பெயரைத்தான் ட்ரோன் நிறுவனங்களின் டிசைன் பிரிவில் பார்ப்பீர்கள்.

அப்போ எதிர்காலம்?

இப்போதைய போக்கை வைத்துப் பார்த்தால் ஹாபி மூன்று திசையில் பிரிகிறது.

ஒன்று, சிறுசாவது. 250 கிராமுக்குள் அடங்கும் குட்டி விமானங்களுக்குச் சட்டத் தொல்லை குறைவு, இடமும் குறைவாகப் போதும். உலகம் முழுக்கத் தயாரிப்பாளர்கள் இந்த எடையைக் குறிவைத்து வடிவமைக்கிறார்கள். ஆனா கொஞ்சம் காற்று அடித்தாலே இது பட்டம் மாதிரி அலையும். பிரிட்டனில் வரம்பு 100 கிராமுக்கு இறங்கியதையும் மறக்கக் கூடாது.

இரண்டு, கிளப்புக்குள் போவது. பெரிய மாடல், ஜெட், எஞ்சின் விமானம் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட மைதானங்களில் மட்டும் என்று ஆகலாம். துப்பாக்கி சுடும் விளையாட்டு இன்று ரேஞ்சுக்குள் மட்டும் நடப்பதுபோல. சுதந்திரம் கொஞ்சம் போகும். ஆனா ஹாபி உயிரோடு இருக்கும்.

மூன்று, ட்ரோனுக்குள்ளேயே கரைவது. கல்லூரியில் ஃபோம் விமானம் கட்டியவர் அதில் ஆட்டோபைலட் மாட்டி, நிலம் அளக்கும் ட்ரோன் ஆக்கி, ஸ்டார்ட்அப் தொடங்குவார். நாட்டுக்கு நல்லது. ஆனா ‘எனக்குப் பறக்கவிடப் பிடிக்கும், அவ்வளவுதான்’ என்று நிற்பவருக்கு இதில் இடம் இல்லை.

ஒரு பழைய சாதனையைப் பாருங்க. 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேனார்ட் ஹில் என்ற 77 வயது ஹாபிக்காரரின் குழு, சுமார் 5 கிலோ எடையுள்ள பால்சா விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு அட்லான்டிக்கைத் தாண்டிப் பறக்கவிட்டது. ஏறக்குறைய 39 மணி நேரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. கண்ணில் படும் தூரத்தைத் தாண்டிப் போவதால், அந்த விமானம் இன்றைய இந்திய விதிப்படி ‘மாடல்’ வகையிலேயே வராது.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. விமானத்துக்கு ஒரு எண் என்பதற்குப் பதில் ஆளுக்கு ஒரு எண். மாவட்டத்துக்கு ஒரு மைதானமாவது பச்சை மண்டலத்தில் நிரந்தரமாக ஒதுக்குவது. மென்பொருள் பூட்டு கட்டாயமாகும் நாளில் மாடல்களுக்குத் தெளிவான விலக்கு. பதினெட்டு வயது நிரம்பாதவர் மூத்தவர் மேற்பார்வையில் பெரிய மாடல் ஓட்ட ஒரு வழி. இதில் எதற்கும் அரசுக்குப் பெரிய செலவு இல்லை.

ஆசையா இருக்கா? இப்படித் தொடங்குங்க

1. முதல் ரெண்டு வாரம் காசே செலவழிக்காதீங்க. பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரை போனில் போட்டுப் பழகுங்க. உங்களை நோக்கி வரும் விமானத்தைக் குழப்பமில்லாமல் திருப்பத் தெரியும் வரை.

2. உங்க ஊரில் அல்லது பக்கத்து ஊரில் பறக்கவிடும் குழுவைக் கண்டுபிடிங்க. ஒரு ஞாயிறு சும்மா போய் வேடிக்கை பாருங்க. மைதானம், பயிற்சியாளர், உதிரிபாகம் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

3. முதல் விமானம் மேல் இறக்கை கொண்ட ஃபோம் ட்ரெய்னராக, 2 கிலோவுக்குள் இருக்கட்டும். போர் விமானம் மாதிரி இருப்பது எல்லாம் மூன்றாவது விமானத்துக்கு.

4. கிளம்பும் முன் அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பாருங்க. பதிவு, காப்பீடு இரண்டையும் முடிச்சிடுங்க. அந்த வாரம் உள்ளூர் தடை உத்தரவு ஏதும் இருக்கா என்றும் பாருங்க.

5. ரேடியோ வாங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். தூரம் அதிகம் போகும் என்று வெளிநாட்டுத் தளங்களில் விற்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் இங்கே கூடாது. அந்தப் பக்கத்து அலைவரிசை மொபைல் சேவைக்கு உரியது.

6. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீங்க. உப்பிய பேட்டரியை ‘இன்னும் ஒரு தடவை’ என்று பயன்படுத்தாதீங்க. சில நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்க.

7. யாராவது “என்ன சார், ட்ரோனா?” என்று கேட்டால் எரிச்சல்படாம விளக்குங்க, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. புதிய சட்டம் எழுதப்படும் நேரத்தில், வித்தியாசம் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடுதலாக இருப்பது இந்த ஹாபிக்கு நல்லது.